யார் வரைந்த வரைபடம்?



மழை ஓய்ந்து மலைகளில் நடக்கலாம் என்ற நிலை வந்ததும் எங்களுக்கு வரும் கடிதங்களின் பேச்சு மாறிவிடும். அட்டைக்கு உப்பு போதுமா, வேப்பெண்ணெய் வேண்டுமா? கொழுக்குமலையில் விடியற்காலையில் எவ்வளவு குளிரும்? முதுகுப் பையில் எத்தனை லிட்டர் தண்ணீர் எடுக்க வேண்டும்? இந்தப் பருவத்தில் அவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: டவர் கிடைக்காத காட்டில் போனில் எந்த மேப் செயலியை நம்பிப் போகலாம்?

காரணம் புரிகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 வழித்தடங்களை முன்பதிவுக்குத் திறந்தது. அதுவரை அருவிக் குளியலோடு மலைப்பயணத்தை முடித்துக்கொண்டவர்களும் லாங்வுட் சோலை, குரங்கணி என்று கிளம்பிவிட்டார்கள். கடைசி டீக்கடையைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியதும் போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைகிறது. அப்போதுதான் பலருக்கு இந்தக் கேள்வியே எழுகிறது. வீட்டில் வைஃபை இருக்கும்போதே எழுந்திருக்க வேண்டும்.

ஒரு செயலியின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் வரைபடத்தை யார் வரைந்தார்கள், யாருக்காக வரைந்தார்கள்? பிளே ஸ்டோரில் அதற்கு எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். டவர் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. உங்கள் போன் ரேடியோப் பெட்டி மாதிரி அதைக் கேட்க மட்டும் செய்கிறது. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் போதும், நீங்கள் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டுவிடும். அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, சில போன்களில் நம் நாவிக் என்று பல குடும்பங்கள் தலைக்கு மேல் இருப்பதால் நான்கு கிடைப்பது பெரும்பாடு இல்லை. திறந்த வெளியில் ஒரு சாதாரண போன் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். அடர்ந்த சோலைக்குள்ளோ, இருபுறமும் பாறைச் சுவர் எழும்பிய பள்ளத்தாக்கிலோ அலைகள் எதிரொலித்து வருவதால் புள்ளி அங்கும் இங்கும் தாவும். புள்ளியைச் சுற்றி ஒரு வெளிறிய வட்டம் தெரிகிறதே, அது எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்குச் சந்தேகப்படுங்கள்.

டவர் செய்துவந்த உதவி வேறு. எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை இணையம் வழியாக நொடியில் கொடுத்து, தேடும் நேரத்தை அது குறைக்கிறது. இணையம் இல்லாவிட்டால் போன் அந்தத் தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்கியாக வேண்டும். ஜிபிஎஸ் அதை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. முழுப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம் பிடிக்கும். காட்டுக்குள் போய் முதன்முறையாகச் செயலியைத் திறந்து, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ‘இது வேலைக்கு ஆகாது’ என்று போனைப் பைக்குள் போடுபவர்களின் கதை இதுதான். அடிவாரத்தில் சிக்னல் இருக்கும்போதே திறந்து, நீலப் புள்ளி வந்து உட்காருவதைப் பார்த்துவிட்டு நடங்கள்.

ஆக, புள்ளி நம்மோடு வரும். அதற்கு அடியில் இருக்க வேண்டிய வரைபடம்தான் டவர் போனதும் வெறும் சாம்பல் கட்டமாகிவிடும். அதனால்தான் முன்கூட்டியே போனுக்குள் இறக்கிவைத்த வரைபடம் வேண்டும். எந்த வரைபடம்?

எல்லோர் போனிலும் ஏற்கெனவே இருக்கும் கூகுள் மேப்ஸிலிருந்து தொடங்கலாம். ஊரில் அதற்கு இணையில்லை. ஆனால் அது முதன்மையாக வண்டி ஓட்டுபவருக்கும் கடை தேடுபவருக்கும் உருவான வரைபடம். ஒரு பகுதியை ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். அப்படி இறக்கியதில் காருக்கு வழி கேட்டால் சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. 2021 ஜூலையில் ஸ்காட்லாந்தின் மலையேற்ற அமைப்பும் ஜான் மியூர் அறக்கட்டளையும் ஓர் எச்சரிக்கை விட்டன. பிரிட்டனிலேயே உயரமான, 1,345 மீட்டர் உயரம் கொண்ட பென் நெவிஸ் மலைக்கு வழி கேட்டவர்களுக்கு கூகுள் ஒரு கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, அங்கிருந்து உச்சிக்கு ஒரு புள்ளிக்கோட்டையும் போட்டுவிட்டது. கோடு போன இடம் அனுபவசாலிகளே தயங்கும் பாறைச் சரிவு. அந்த இயந்திரத்துக்கு அது உச்சிக்கு மிக அருகிலுள்ள கார் நிறுத்துமிடம், அவ்வளவே. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 ஜனவரியில் நம் கூடலூரில் மேப்பை நம்பி வந்த கார் ஒன்று படிக்கட்டில் இறங்கி நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது, மலைக்காரர்கள் பலரும் பயன்படுத்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் உலகம் முழுக்க வரைவது. யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட், மேப்ஸ்.மீ, புதிதாக வந்திருக்கும் கோமேப்ஸ் எல்லாமே இதன்மேல் கட்டப்பட்டவைதான். கடைப் பலகை வேறு, சரக்கு ஒன்று. ஒரு செயலியில் இல்லாத ஒற்றையடிப் பாதை இன்னொன்றில் இருக்கும் என்று மாற்றி மாற்றி இறக்கிப் பார்ப்பது வீண்வேலை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தப் பாதைக் கோடுகளை யார் வரைந்தார்கள்? இரண்டு வகை மனிதர்கள். ஒருவர் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு அந்தத் தடத்தில் தானே நடந்து, திரும்பி வந்து வரைந்தவர். மற்றவர் வீட்டில் உட்கார்ந்து சேட்டிலைட் படத்தில் தெரிந்த கீற்றைப் பார்த்து வரைந்தவர். இரண்டாமவர் வரைந்ததும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வானத்திலிருந்து பார்த்தால் பாதை மாதிரி தெரிபவை பல உண்டு. கோடைத் தீ பரவாமல் இருக்க வனத்துறை வெட்டி வைக்கும் தீத்தடுப்புக் கோடுகள், யானைகள் பரம்பரையாக நடந்து தேய்த்த வழிகள், கைவிடப்பட்ட எஸ்டேட் சாலைகள். யானை வழியில் போனால் யானை போகும் இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். நடந்தே வரைந்த பாதையாக இருந்தாலும், அவர் நடந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தால் உண்ணிச்செடி மூடிவிட்டிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்பதுதான் இந்த வரைபடத்தின் பெரிய நேர்மை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணையதளத்துக்குப் போய் அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்தால் அதை எந்தப் பயனர், எந்த ஆண்டில் வரைந்தார் என்று தெரியும். பல நேரம் எதைப் பார்த்து வரைந்தார் என்பதும் குறிப்பில் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

பாதைக் கோடுகளுக்கு இருக்கும் மரியாதையை நாம் சமஉயரக் கோடுகளுக்குக் கொடுப்பதில்லை. சின்னச் சின்னதாய் வளைந்து ஓடும் அந்தப் பழுப்புக் கோடுகள்தான் நடப்பவருக்கு அதிகம் சொல்பவை: நெருங்கி ஓடினால் செங்குத்து, விலகி ஓடினால் சாய்வு குறைவு. பாதை இல்லாத இடத்திலும் அவை பேசும். இலவசச் செயலிகளில் நாம் பார்க்கும் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் எங்கிருந்து வந்தவை தெரியுமா? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த உயரங்களிலிருந்து. அந்தத் தரவில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். ஆகவே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பத்துப் பதினைந்து மீட்டர் பாறைச் சுவர் வரைபடத்தில் சாதுவான சரிவாக உருகிவிடும். அடர்காட்டில் ரேடார் அலை தரைவரை இறங்காமல் மரங்களின் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே திரும்பியதால், சோலைக்குள் அது காட்டும் உயரம் பாதி மரத்துக்கும் சேர்த்துத்தான். ‘மேப்பில் இறக்கம் லேசாகத்தான் தெரிகிறது, இப்படியே ஓடையோரமாக இறங்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் இந்த 30 மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடைகள் அருவியாகும் இடத்தை அந்தக் கோடுகள் பல நேரம் சொல்வதில்லை.

நிலத்திலேயே நின்று அளந்தவர்களின் வரைபடமும் நமக்கு உண்டு. 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டிச் சுமார் 12 கி.மீ. அடிக்கோடு ஒன்றை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி அங்கேதான் தொடங்கியது. அந்த மரபில் வந்த சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 1:50,000 நிலவரைபடத் தாள்கள் இன்று அதன் இணையதளத்தில் பதிவு செய்துகொள்பவர்களுக்குக் கிடைக்கின்றன. தாளில் 1 செ.மீ. என்றால் நிலத்தில் 500 மீட்டர். ஓடை, பாறை, கோயில், மலைக்கிராமம் எல்லாம் கவனமாகக் குறிக்கப்பட்டிருக்கும். நேற்றுப் போட்ட சாலை இருக்காது. பரவாயில்லை, மலை இடம் மாறுவதில்லை. நீங்கள் போகும் பகுதியை அச்செடுத்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒருவர் பையில் வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் அடுத்த வழி அதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பியோ மச்சானோ காயா ஜிபிஎஸ், ஆல்டிரெயில்ஸ் என்று சிபாரிசு செய்வார்கள். அவர்கள் ஊருக்கு அவர்கள் சொல்வது சரி. அங்கே அரசின் நிலவியல் துறை அளந்த வரைபடங்களும் தேசியக் காடுகளின் தடங்களும் அந்தச் செயலிகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதே செயலியை ஆனைமலையில் திறந்தால் அடியில் தெரிவது பெரும்பாலும் நாம் மேலே பார்த்த அதே தன்னார்வலர் வரைபடம்தான். அதை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளச் சந்தா வேறு கட்ட வேண்டும். என் கணக்கில் அந்தப் பணத்துக்கு நல்ல டார்ச் ஒன்று வாங்கலாம்.

சரி, பெயர் சொல்கிறேன் என்றேன். முதல்முறை போகிறவருக்கு ஆர்கானிக் மேப்ஸ். விளம்பரம் இல்லை, பணம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. சமஉயரக் கோடுகள் இலவசம். யாராவது கொடுத்த ஜிபிஎக்ஸ் தடக் கோப்பைத் திறக்கும். நீங்கள் நடந்த தடத்தையும் இப்போது பதிவு செய்கிறது. தமிழ்நாடு வரைபடத்தோடு கேரளாவையும் இறக்கிவிடுங்கள். மேற்கு மலையில் பல இடங்களில் முகடுதான் மாநில எல்லை. தடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். கொஞ்சம் பழகியவர்களுக்கு ஆஸ்மாண்ட். நிழலிட்ட மலைச்சரிவு, உயர வரைகோடு, பதிவு அமைப்புகள் என்று அதில் இல்லாதது குறைவு. சமஉயரக் கோட்டுக்குப் பணம் கேட்கும். அதன் மெனுக்களுக்குள் தொலைந்துபோகாமல் இருக்கவே ஒரு வழிகாட்டி வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே இரண்டாவது செயலியாகத்தான் அதைச் சொல்வேன்.

இறக்கியாயிற்றா? கூடத்தில் உட்கார்ந்து போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். வைஃபை தானாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிட்டு, நீங்கள் போகும் மலையைத் தேடி, முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் தெளிவாக வந்தால் தேறியது. ‘நேற்று பார்த்தேனே, இருந்ததே’ என்பவர்கள் இணையத்தோடு பார்த்தவர்கள். மலையிலும் ஃப்ளைட் மோடிலேயே நடங்கள். ஜிபிஎஸ் அதில் வேலை செய்யும். இல்லாத டவரைத் தேடித் தேடித்தான் போன் பேட்டரியைக் குடித்துத் தீர்க்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம்மூரில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்கள் சில, பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று திரை அணைந்ததும் செயலியை நிறுத்திவிடும். மூன்று மணி நேரம் நடந்த பிறகு பார்த்தால் தடப் பதிவு முதல் ஐந்தாவது நிமிடத்திலேயே நின்றிருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, தெருவில் ஒரு சுற்று நடந்து சோதியுங்கள். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: யாரோ வரைந்த எல்லா வரைபடங்களையும்விட நம்பகமானது, காலையில் நீங்களே நடந்து பதிவு செய்த தடம். மூடுபனி இறங்கி பத்தடிக்கு அப்பால் தெரியாதபோது, வந்த வழியே திரும்ப அது போதும். நிற்கும்போது புள்ளியின் அம்பு எந்தப் பக்கம் காட்டினாலும் உடனே நம்பாதீர்கள். காந்தம் வைத்த போன் உறை அதைக் குழப்பும். பத்தடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

எந்த வரைபடத்திலும் இல்லாதவை சில இருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். தீ எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஆஃப்லைன் வரைபடம் ஒருநாளும் சொல்லாது. நேற்று மாலை யானைக் கூட்டம் எந்த ஓடையில் நின்றது என்பதும் அதற்குத் தெரியாது. காணிகளுக்கும் பளியர்களுக்கும் முதுவர்களுக்கும் இருளர்களுக்கும் தெரியும். ட்ரெக் தமிழ்நாடு தடங்களில் அந்தந்த மலையைச் சேர்ந்த வழிகாட்டிகள் கூட வருவதன் அருமை அது. போனில் கோடு தெரிகிறதே என்று அவரை விட்டு முன்னால் போகாதீர்கள். கோடு இருப்பதால் அனுமதி இருக்கிறது என்றும் ஆகாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி குற்றம்.

வெளிநாட்டு யூடியூப் படங்களைப் பார்த்துவிட்டு, டவர் இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் மாதிரிக் கருவியை வாங்கலாமா என்று கேட்கும் வாசகர்களுக்கு: வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சேட்டிலைட் போனோ அத்தகைய கருவியோ வைத்திருப்பது இங்கே சட்டச் சிக்கல். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் அதை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரே பிடிபட்டார். அதற்குப் பதிலாக, எந்தத் தடம், எத்தனை மணிக்குள் இறங்குவோம், இறங்காவிட்டால் எந்த வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மா கவலைப்படுவார் என்று மறைக்க வேண்டாம். கவலைப்படும் ஆள்தான் சரியான நேரத்துக்குப் போன் செய்வார்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் எந்த மலையில், எந்தச் செயலியில், எந்த இடத்தில் வரைபடமும் நிலமும் ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். ஓடை இடம் மாறிக் கிடந்ததா, பாதை புதருக்குள் முடிந்ததா, மலைக்கிராமத்தின் பெயர் தப்பாக இருந்ததா? மாதம், ஆண்டு குறிப்பிட்டால் நல்லது. வந்தவற்றைத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கேயும் திருத்திவிடுங்கள். வனத்துறை மூடிவைத்திருக்கும் தடங்களின் ஜிபிஎக்ஸ் கோப்புகளை மட்டும் அனுப்ப வேண்டாம். எவ்வளவு அழகான தடமாக இருந்தாலும் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்